தராசுத் தட்டில் ஒரு வாழ்க்கை – ஆச்சார்ய பி.சி. ராய்



விஞ்ஞானி வரலாறு என்றாலே நம் சுவர்ப் பத்திரிகையில் நியூட்டன், எடிசன், ஐன்ஸ்டீன், சர் சி.வி. ராமன், கலாம் என்று மாத்தி மாத்தி இவங்களைத்தான் எழுதுறோம். அதனால நான் வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டேன். பெயர் பிரபுல்ல சந்திர ராய். வங்காளத்துக்காரர். மக்கள் அவரை மரியாதையோடு ஆச்சார்யா என்றார்கள். பொது அறிவுப் புத்தகத்தில் இவருக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: இந்திய வேதியியலின் தந்தை. அதை மனப்பாடம் பண்ணி ஒரு மார்க்கை வாங்கிட்டு நாமளும் போயிடுறோம்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளஸ் ஒன்னில் நம்ம எல்லாரையும் மிரட்டுற பகுதி வேதிக் கணக்கு. இத்தனை கிராம் வினைபடு பொருள் எடுத்தால் எத்தனை கிராம் விளைபொருள் கிடைக்கும் என்கிற கணக்கு. நமக்கு அது பரீட்சைக் கேள்வி. ராய்க்கு அது தொழில், மானம், சில சமயம் கடைசி ரூபாய். அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தக் கணக்கு மேல இருந்த கோபம் போயிருச்சு.

முதலில் கணக்கை நம்மூர்ப் பொருளை வைத்தே சொல்லிவிடுகிறேன். தாழையூத்துப் பக்கம் பூமிக்குள்ளே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதை நம்பித்தான் 1949-ல் சங்கர் நகர் சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆச்சி வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும், பனையேறுபவர் பதநீர்க் கலயத்துக்குள் பூசுகிற சுண்ணாம்பும் காளவாசலில் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு எடுப்பதுதான். சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் சுண்ணாம்பு எவ்வளவு தேறும்? 56 கிலோ. மீதி 44 கிலோவை யாரும் களவாண்டு போகலை. அது கரியமில வாயுவாக மேலே போயிருச்சு. கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. இதைக் கூட்டிப் பாருங்க, கல்லுக்கு 100 வரும், சுண்ணாம்புக்கு 56 வரும், வாயுவுக்கு 44 வரும். சமன்பாட்டைச் சரியாக எழுதணும், ஒவ்வொன்றின் மூலக்கூறு நிறையைப் போடணும், விகிதம் பார்க்கணும். அவ்வளவுதான் சூத்திரம். இனி ராயிடம் போவோம்.

1861 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ராருலி என்ற கிராமத்தில் பிறந்தார். அது இப்போது பங்களாதேஷ் நாட்டில், குல்னா பக்கம் இருக்கிறது. ரவீந்திரநாத் தாகூர் பிறந்ததும் அதே வருஷம்தான். அப்பா ஹரிஷ் சந்திர ராய் ஒரு ஜமீன்தார். ஆனால் படிப்பின் மேல் ஆசை கொண்டவர், வீட்டிலேயே நல்ல நூலகம் வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காக 1870-ல் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. ஹேர் பள்ளியில் சேர்த்தார்கள். 1874-ல் பையனுக்குக் கடுமையான சீதபேதி. பள்ளிக்கூடமே போக முடியாமல் கிராமத்துக்குத் திரும்பி, ஏறத்தாழ இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தார். நாம என்றால் லீவு கிடைச்சதுன்னு கிரிக்கெட் பார்த்திருப்போம். அவர் அப்பாவின் அலமாரியைக் காலி பண்ணினார். வரலாறு, இலக்கியம், பெரியவர்களின் வாழ்க்கை என்று கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார். வயிறு மட்டும் கடைசி வரைக்கும் சரியாகவே இல்லை. அளந்து சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, மெலிந்த உடம்போடு 82 வயசு வரை இருந்தார்.

1879-ல் நுழைவுத் தேர்வு தேறி, வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறிவியல் வகுப்பு இல்லை. அதனால் பிரசிடென்சி கல்லூரிக்குப் போய் வெளி மாணவராக உட்கார்ந்து அலெக்சாண்டர் பெட்லர் என்ற ஆங்கிலேயர் வேதியியல் எடுப்பதைக் கேட்டார். பெட்லர் சோதனை செய்து காட்டுவதில் கெட்டிக்காரர். அதைப் பார்த்த மயக்கத்தில் நண்பர் ஒருவரின் அறையிலேயே ராய் ஒரு குட்டி ஆய்வகம் போட்டார். அங்கே ஒரு வாயுக் கலவை வெடித்து, நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இலக்கியமா வேதியியலா என்று ஊசலாடிக் கொண்டிருந்த மனசு அந்த அறையில்தான் ஒரு பக்கம் சாய்ந்தது.

1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை தேர்வில் வென்று ஸ்காட்லாந்தில் இருக்கும் எடின்பரோ போனார். க்ரம் பிரவுன் என்ற பேராசிரியரிடம் படித்து 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? தாமிரம், மக்னீசியம் வகை உலோகங்களின் இரட்டை சல்பேட் உப்புகளைப் பற்றி. நாம ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வில் பார்க்கிற மயில் துத்தத்தின் சொந்தக்காரங்கதான் அதெல்லாம். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து தாமிரம்னு எழுதும்போது எனக்குச் சின்ன சந்தோஷம். அந்த ஆராய்ச்சி முழுக்க எடைபோடுகிற வேலை. உப்பைக் கரைக்கணும், வீழ்படிவாக்கணும், உலர்த்தணும், எடை போடணும், கணக்கை எழுதணும். கையில் தராசுப் பழக்கம் ஊறிப்போனது அங்கேதான்.

1888-ல் ஊர் திரும்பினார். டாக்டர் பட்டத்தோடு வந்தவருக்கு வேலை இல்லை! ஏறத்தாழ ஒரு வருஷம் சும்மா இருந்தார். ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில்தான் தங்கினார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 250 ரூபாய். கல்வித்துறையின் மேல்தட்டுப் பதவிகள் எல்லாம் ஆங்கிலேயர்களுக்கே. அதே படிப்பு படித்த இந்தியருக்குக் கீழ்த்தட்டுதான். இந்த இடத்தில் பல பேர் கசந்து போய் ஒதுங்கியிருப்பாங்க. ராய் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார் என்று சொல்ல மாட்டேன், பேசினார். ஆனால் சாயங்காலம் கல்லூரி விட்டதும் செய்த வேலைதான் முக்கியம்.

அப்போது கல்கத்தா மருந்துக் கடைகளில் இருந்த பாட்டில்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. படித்த வாலிபர்கள் குமாஸ்தா வேலைக்கு அலைந்தார்கள். நம் மண்ணில் கிடைக்கிற பொருளை வைத்து நாமே மருந்தும் ரசாயனமும் செய்தால் என்ன என்று ராய்க்குத் தோன்றியது. 91, அப்பர் சர்குலர் ரோடு என்ற வாடகை வீடுதான் ஆய்வகம், தொழிற்சாலை, வீடு மூன்றும்.

ஆரம்பத்தில் எலுமிச்சையில் கை வைத்தார். சிட்ரிக் அமிலம் செய்யலாமென்று. இதை நாம விளங்கிக்கிறது சுலபம். 2019 வரை நம் மாவட்டத்தில் இருந்து இப்போது தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்ட புளியங்குடியை நினைச்சுக்கோங்க. எலுமிச்சைக்குப் பேர் போன சந்தை அது. ஐம்பது அறுபது பழம் பிழிந்தால் ஒரு லிட்டர் சாறு வரும். லிட்டருக்குச் சுமார் 48 கிராம் சிட்ரிக் அமிலம் இருக்குன்னு வச்சுக்குவோம். (இந்தக் கணக்கு நான் போட்டது, ராயின் நோட்டில் இருந்து எடுத்தது இல்லை.) சாற்றிலிருந்து அமிலத்தை மட்டும் பிரிக்க, சாக்குத்தூள் மாதிரி கால்சியம் கார்பனேட் போடணும். சமன்பாட்டுப்படி 384 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு 300 கிராம் கார்பனேட். நம்ம 48 கிராமுக்கு 37.5 கிராம். நுரைத்துப் பொங்கி வாயு போன பிறகு, அடியில் கால்சியம் சிட்ரேட் 62.25 கிராம் படியும். அதை வடிகட்டி எடுத்து 36.75 கிராம் கந்தக அமிலம் விட்டால் 51 கிராம் கால்சியம் சல்பேட் பிரிந்து அடியில் நிற்கும். நாம தேடின 48 கிராம் சிட்ரிக் அமிலம் தண்ணீரில் இருக்கும். கூட்டிப் பாருங்க: 62.25-ம் 36.75-ம் 99. 51-ம் 48-ம் 99. ஒரு குன்றிமணி கூடப் பிசகலை!

வேதியியல் கணக்கு இப்படி அழகாக வந்துவிட்டது. கடைக் கணக்கு வரவில்லை. ஐம்பது அறுபது பழத்துக்குக் கையில் நிற்பது ஒரு கைப்பிடி உப்பு மாதிரித் தூள். கல்கத்தா சந்தையில் பழம் விற்ற விலைக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த அமிலத்தோடு போட்டி போட முடியாது. கைவிட்டார்.

அடுத்து சோடா. வடநாட்டில் சஜ்ஜி மண் என்று ஒன்று உண்டு. நம்மூரில் முன்பு துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண் மாதிரி. அதிலிருந்து சோடியம் கார்பனேட் எடுத்தார். அதுவும் வந்தது. ஆனால் இங்கிலாந்துப் பெரிய ஆலைகளின் சோடா அதைவிட மலிவாகத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அதையும் கைவிட வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம வ.உ.சி. ஞாபகம்தான் வந்தது. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது ஆங்கிலேயக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிப் போகிறோம் என்று நின்றது. 1908-ல் வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதில்தான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள், மார்ச் 13-ல் திருநெல்வேலியே கொந்தளித்தது. கல்கத்தாவும் நெல்லையும் எவ்வளவு தூரம்! ஆனால் இரண்டு இடத்திலும் எதிரில் நின்றது ஒரே எதிரி, விலை. கப்பல் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. ராயின் முயற்சி எப்படிப் பிழைத்தது என்பதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல ஆசைப்பட்ட விஷயம்.

எலும்பு! ஆமா, மாட்டு எலும்பு. கசாப்புக் கடைகளில் வேண்டாமென்று கழித்துப் போட்ட பொருள். விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. கப்பலில் யாரும் அதைவிட மலிவாகக் கொண்டுவந்து இறக்க முடியாது. காய்ந்த எலும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு, பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். எலும்பைச் சுட்டால் கொழுப்பும் சதையும் பசையும் எரிந்து போய் வெள்ளைச் சாம்பல் நிற்கும். அதில் கந்தக அமிலம் விட்டால் சூப்பர் பாஸ்பேட் உரம். இன்னும் கொஞ்சம் பக்குவம் பண்ணி சோடா சேர்த்தால் மருந்துக்கான சோடியம் பாஸ்பேட். சோடியம் பாஸ்பேட்டுக்கு மருந்துக் கடைகளில் நல்ல கிராக்கி இருந்தது.

ராஜாபஜார் கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வந்தது. வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்டார். குளிர்காலம், மழை வராது என்ற நம்பிக்கை. மழை வந்தது. விடாமல் பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்தது. நாற்றம் தெருவைத் தாண்டியது. காக்கைக் கூட்டம் வந்து எலும்பைக் கொத்தி அக்கம்பக்கத்து வீடுகளில் கொண்டுபோய்ப் போட்டது. ஆச்சாரமான குடும்பங்கள் இருந்த தெரு அது! சும்மா விடுவாங்களா? சுகாதார அதிகாரியிடம் போவோம் என்று சத்தம் போட்டார்கள். எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர், அழுகிய எலும்பை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு காலி இடத்துக்குப் போனார். அங்கே காளவாசல் மாதிரி அடுக்கி ராத்திரியில் தீ வைத்தார்கள். நடுச்சாமத்தில் தீயையும் எலும்பையும் பார்த்த ரோந்துப் போலீஸ்காரர் ஓடி வந்தார். யாரையோ கொன்று பிணத்தை எரிக்கிறார்கள் என்று சந்தேகம்! சமாதானம் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

சிரிப்பா இருக்குல்ல? ஆனால் இந்தச் சாம்பலில்தான் கணக்கு உதவிக்கு வந்தது. கால்சியம் பாஸ்பேட் 310 பங்குக்குக் கந்தக அமிலம் 196 பங்கு. கிடைப்பது கரையும் பாஸ்பேட் 234 பங்கும், கால்சியம் சல்பேட் 272 பங்கும். இரண்டு பக்கமும் 506. அமிலம்தான் விலை கூடிய சரக்கு, சாம்பல் சல்லிசு. அமிலம் கூடினால் காசு வீண், உரமும் புளித்துப் போய்ச் செடியைக் கருக்கும். குறைந்தால் சாம்பல் வினைபுரியாமல் அப்படியே கிடக்கும். எந்தப் பொருள் முதலில் தீர்ந்து போகிறதோ அதுதான் விளைபொருளின் அளவை முடிவு செய்யும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதன் அர்த்தம் இங்கேதான் எனக்கு உறைத்தது. சிக்கன முதலாளி எப்பவும் விலை கூடின பொருள் முழுசா தீரும்படிப் பார்த்துக்குவார். கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் நம் வயல்களில் அடியுரமாகப் போடுகிற சூப்பர் பாஸ்பேட் மூட்டையைப் பார்த்திருப்பீங்க. அதன் வேதியியலும் இதேதான், இப்போது எலும்புக்குப் பதில் பாறை பாஸ்பேட் போடுகிறார்கள்.

1892-ல் சுமார் 700 ரூபாய் முதலோடு பெங்கால் கெமிக்கல் என்ற பெயரில் தொழில் தொடங்கியது. டாக்டர் அமுல்ய சரண் போஸ் என்ற மருத்துவ நண்பர் துணைக்கு வந்தார். மருத்துவர்களிடம் போய் நம் நாட்டு மருந்தையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆடாதோடைக் கஷாயப் பாகு, ஓமத் திரவம் இப்படி நம் பாட்டி வைத்தியச் சரக்குகளையே சுத்தமாக, அளவு மாறாமல், பாட்டிலில் அடைத்தார்கள். இப்போதும் பெங்கால் கெமிக்கலின் ஓமத் திரவம் வங்காளத்தில் பிரசித்தம். நல்லா வர ஆரம்பித்த நேரத்தில் அடி விழுந்தது. 1898-ல் கல்கத்தாவில் பரவிய பிளேக்கில் அமுல்ய சரண் இறந்து போனார். சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளம் வேதியியலாளர், கூடவே நின்று உழைத்தவர், ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் ஹைட்ரோசயனிக் அமில நஞ்சால் போனார். இரண்டு கையும் ஒடிந்த மாதிரி. கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டு ராய் தனியாக இழுத்தார். 1901-ல் அது பங்குதாரர்கள் சேர்ந்த லிமிடெட் கம்பெனி ஆனது. 1905-ல் மாணிக்தலாவில் பெரிய ஆலை. அங்கே கந்தக அமிலத்தைச் சொந்தமாகவே செய்தார்கள். எலும்புச் சாம்பலுக்கு அமிலம் வெளியே வாங்கிய காலம் போச்சு. இன்று அந்தக் கம்பெனி மத்திய அரசு நிறுவனமாக நடக்கிறது.

இனி அந்தப் பொது அறிவுப் புத்தகக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன்: மெர்குரஸ் நைட்ரைட். உண்மையைச் சொன்னால் எனக்கு எலும்புக் கதைதான் இதைவிடப் பெரிசு. ஆனாலும் இதில் தராசு செய்த வேலை அருமையானது.

1895-ல் ராய் கலோமல் என்ற மருந்துப் பொருளுக்காக மெர்குரஸ் நைட்ரேட் தயாரிக்கப் பார்த்தார். பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றி விட்டு வைத்தார். எதிர்பார்த்தது நிறமில்லாத உப்பு. வந்து நின்றது மஞ்சள் நிறப் படிகம். அழுக்கு என்று கொட்டிவிட்டு மறுபடி செய்திருக்கலாம். அவர் கொட்டவில்லை. இது என்ன என்று கேட்டார். கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது எடைதான். இன்றைய அணு நிறையைப் போட்டுப் பாருங்கள். பாதரசம் 200.6, இரண்டு அணுவுக்கு 401.2. நீரில்லாத நைட்ரேட் என்றால் மொத்தம் 525.2, அதில் பாதரசம் நூற்றுக்கு 76.4. இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த நைட்ரேட் என்றால் நூற்றுக்கு 71.5. நைட்ரைட் என்றால் மொத்தம் 493.2, பாதரசம் நூற்றுக்கு 81.3. அதாவது உப்பை எடை போட்டு, உடைத்து, பாதரசத்தை மட்டும் தனியே எடுத்து எடை போட்டால், 76-ஆ 81-ஆ என்பதில் குட்டு வெளிப்பட்டுவிடும். நூற்றுக்கு அஞ்சு பங்கு வித்தியாசம்! கை நடுங்காமல் எடை போடத் தெரிந்தவனுக்கு அது மலை மாதிரித் தெரியும். மெர்குரஸும் நைட்ரைட்டும் இரண்டுமே லேசில் சிதையக் கூடியவை, இரண்டும் சேர்ந்து ஒரு நிலையான உப்பாக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1896-ல் ஆசியாட்டிக் சொசைட்டி இதழில் கட்டுரை வந்தது. லண்டன் நேச்சர் இதழ் அதைக் குறிப்பிட்டது.

அதோடு நைட்ரைட்டுகளைப் பிடித்துக்கொண்டார். அதில் அம்மோனியம் நைட்ரைட் பொல்லாதது. சூடு பட்டால் 64 கிராமும் 28 கிராம் நைட்ரஜனாகவும் 36 கிராம் தண்ணீராகவும் பிரிந்து காணாமல் போயிரும். அதைச் சுத்தமாகக் கையில் பிடிப்பதே பாடு. ராயும் மாணவர்களும் அம்மோனியம் குளோரைடையும் சில்வர் நைட்ரைட்டையும் கலந்தார்கள். 53.5-க்கு 153.9. சில்வர் குளோரைடு 143.4 அடியில் விழ, 64 பங்கு அம்மோனியம் நைட்ரைட் கரைசலில் நின்றது. அதை வெற்றிடத்தில் மெதுவாகச் சூடாக்கி, சிதையாமல் ஆவியாக எழுப்பி, ஆவியின் அடர்த்தியையும் அளந்து காட்டினார்கள். 1912-ல் லண்டன் வேதியியல் சங்கத்தில் இதை வாசித்தபோது, மந்த வாயுக்களைக் கண்ட வில்லியம் ராம்சே எழுந்து பாராட்டினார்.

இடையில் 1894-ல் இன்னொரு வேலை. கடையில் விற்கிற நெய், கடுகு எண்ணெய் இதிலெல்லாம் என்ன கலப்படம் என்று சோதித்துக் கட்டுரை எழுதினார். சுத்தமான சாம்பிள் வேண்டுமென்று பாலைத் தன் கண் முன்னாலேயே கறந்து வெண்ணெய் எடுத்துப் பார்த்த மனுஷன். பழைய சமஸ்கிருத ஏடுகளைத் தேடிப் படித்து இந்து ரசாயனத்தின் வரலாறு என்ற நூலின் முதல் பாகத்தை 1902-ல் வெளியிட்டார். இது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம், வேற யாராவது எழுதுங்கப்பா.

1916-ல் பிரசிடென்சியை விட்டு, புதிதாக வந்த பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குப் போனார். 1921-ல் 60 வயசு ஆனது. அன்றிலிருந்து சம்பளத்தை வாங்காமல் வேதியியல் ஆராய்ச்சிக்கே பல்கலைக்கழகத்திடம் விட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், புத்தகங்கள், கதர்த் துணி. ஏழை மாணவர்கள் சிலர் கூடவே தங்கிப் படித்தார்கள். 1919-ல் சர் பட்டம் வந்தும் சட்டை அதே கதர்ச் சட்டைதான். 1922-ல் வட வங்காளம் வெள்ளத்தில் மூழ்கியபோது நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கி, அறிவியல் கல்லூரியையே அரிசி மூட்டையும் துணிப் பொட்டலமும் அடுக்குகிற கிடங்காக மாற்றினார். 1924-ல் இந்திய வேதியியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். 1932-ல் தன் வரலாற்றை எழுதினார். 75 வயசில், 1936-ல்தான் வகுப்பு எடுப்பதை நிறுத்தினார்.

1944 ஜூன் 16-ஆம் தேதி அந்த அறையிலேயே, மாணவர்கள் சுற்றி நிற்க, இறந்தார். அந்தக் கல்லூரியின் கதவு எண் 92, அப்பர் சர்குலர் ரோடு. எலும்பு காயப் போட்டுச் சண்டை வந்த வீடு எண் 91. அந்த ரோட்டுக்கு இப்போது ஆச்சார்ய பிரபுல்ல சந்திரர் பெயர். 2011-ல் அவருடைய 150-ஆவது பிறந்த ஆண்டில், இங்கிலாந்தின் ராயல் வேதியியல் சங்கம் பிரசிடென்சி கல்லூரியில் அவருக்காக ஒரு நினைவுப் பலகை வைத்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தச் சங்கம் வைத்த முதல் பலகை அது. 250 ரூபாய்க்குத் தற்காலிக வேலை கொடுத்த அதே கல்லூரிச் சுவரில்!

கடைசியா உங்களுக்கு ஒரு கணக்கு. 10 கிலோ எலும்புச் சாம்பல் இருக்கு. அதில் நூற்றுக்கு 77.5 பங்குதான் கால்சியம் பாஸ்பேட், மீதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடையில் கிடைக்கிற கந்தக அமிலம் நூற்றுக்கு 70 பங்கு வலுவுள்ளது. சாம்பல் முழுவதும் சூப்பர் பாஸ்பேட் ஆகணும்னா எத்தனை கிலோ அமிலம் வாங்கணும்? 310-க்கு 196 என்பது மேலேயே இருக்கு. கால்குலேட்டர் வேண்டாம், முழு எண்தான் வரும். விடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்போட ஆய்வக வாசல் பெட்டியில் போடுங்க. சரியா எழுதினவங்க பெயர் அடுத்த மாத ஏட்டில் வரும்.